லோதருக்கு என்ன நட்சத்திரம்

விக்னராஜா அண்ணனோடு ஒரு மணி நேரம் ஒரே அறையில் இருந்து பார்த்தால்தான் என் எரிச்சல் உங்களுக்குப் புரியும். மனிதருக்கு உட்காரத் தெரியாது. உட்கார்ந்தால் கால் ஆடும். கால் ஆடினால் மேசை ஆடும். மேசை ஆடினால் மைக்கில் டுப் டுப் என்று விழும். ஞாயிறு சாயந்திரம் எங்கள் தமிழ் நிகழ்ச்சியைக் கேட்கிற மேற்கு சிட்னிக்காரர்கள் பாதிப் பேர் அதை ஏதோ மேளம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். "அண்ணே, அந்தக் காலைக் கொஞ்சம் கட்டிப் போடுங்க" என்று நான் கெஞ்சாத வாரமில்லை. "ஓம் ஓம்" என்பார். கொஞ்ச நேரம் நிற்கும். மறுபடியும் ஆரம்பித்துவிடும்.

நான் திருச்சிக்காரன், பெயர் நரசிம்மன். கெல்லிவில்லில் வீடு, வாரம் ஐந்து நாள் கணினியோடு மல்லுக்கட்டும் உத்தியோகம். "ஞாயித்துக்கிழமையிலயாவது என் உயிரை வாங்காம எங்கயாவது போய் நாலு பேருக்கு உபயோகமா இருங்க" என்று என் மனைவி லக்ஷ்மிப்ரியா விரட்டியதில்தான் இந்தச் சமூக வானொலியில் தொண்டனாக வந்து சேர்ந்தேன். சத்தத்தைக் கூட்டுவது, குறைப்பது, பாட்டுப் போடுவது, நேயர்களின் அழைப்பை இணைத்துவிடுவது, அவ்வளவுதான் என் வேலை. பேசுவதெல்லாம் விக்னா அண்ணன். நான் வாயைத் திறந்தால் "இந்தியத் தமிழ் வந்திட்டுது" என்று யாராவது அழைத்துச் சொல்வார்கள். கேலிதான், விரோதம் கிடையாது.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. கடைகளில் குளிர்பெட்டி பழுதுபார்ப்பவர். பென்டில் ஹில்லிலிருந்து லிட்கம் வரை எந்த மளிகைக் கடையில் ஃபிரீஸர் நின்றுபோனாலும் முதல் அழைப்பு அவருக்குத்தான். ஒரு வெள்ளை வேன். சாப்பாடும் அதற்குள், குட்டித் தூக்கமும் அதற்குள். ஒரு கடையில் வேலை முடியுமுன் அடுத்த கடைக்காரரிடம் "இந்தா வாறன்" என்று சொல்லிவிடுவார். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று ஒருமுறை வாயைக் கொடுத்துக் கேட்டேன். "பொம்பிளை பாக்கப் போனால் ஒரு தேத்தண்ணி குடிச்சு முடியுமட்டும் இருக்கவேணுமெல்லோ" என்றார்.

கிரவீனில் அவர் வீட்டில் அவருடைய அக்கா இராஜேஸ்வரியும் இருக்கிறார். எழுபது வயது, இதய நோயாளி. கணவர் சிறிதரன் இலங்கையில் போர் முடிவதற்கு வெகு காலம் முன்பே நோயில் போய்விட்டார். போர் முடிந்து முகாமில் கிடந்த அக்காவை, இரண்டு வருடம் அலைந்து மனுப் போட்டு, தம்பி இங்கே கூட்டிவந்தார். எங்கள் வானொலிக்கு அக்காதான் முதல் நேயர். குசினியில், அதாவது சமையலறையில், வானொலியை வைத்துக்கொண்டு, நிகழ்ச்சி முடிந்து தம்பி வீடு போனதும் என்னென்ன பிழை என்று ஒன்றுவிடாமல் சொல்வாராம்.

இந்த வருடம் குளிர்காலத்தில் விக்னா அண்ணன் ஒரு தொடர் ஆரம்பித்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டாம் உலகப்போரின் கடைசி மாதங்களில் ஜெர்மன் ஜெட் விமானங்கள் குண்டுவீச்சு விமானங்களை மறித்த கதை. பாட்டும் கோயில் அறிவிப்பும் சமையல் குறிப்புமாக ஓடுகிற நிகழ்ச்சியில் இது எதற்கு என்று கேட்டேன்.

"நாங்கள் கீழை பங்கருக்குள்ளை கிடந்து மேலை பாத்த ஆக்கள், நரசிம்மன். பொம்மர் வரும், குண்டைப் போடும், போயிடும். மறிக்க ஒருத்தருமில்லை. மறிக்கப் போனவங்கள் மேலை என்ன கண்டவங்கள் எண்டு எனக்குப் பாக்கவேணும் போலை கிடக்கு."

"அதுக்கு ஹிட்லர் ஆளுங்கதான் கிடைச்சாங்களா?"

"நான் அவங்களுக்கு மாலை போடேல்லை. பொறுத்திருந்து கேளும்."

பொறுத்திருந்து கேட்டேன். மனிதர் சொன்ன விதத்தில் நானே விழுந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். லோதர் என்று ஒரு இருபது வயதுப் பையன். பனி விலகாத காலை; கட்டாந்தரையில் நிற்கிற இரட்டை ஜெட் விமானம். உலகத்தில் அதை எட்டிப்பிடிக்க வேறு விமானம் இல்லை. ஆனால் உள்ளே எல்லாம் அவசரச் சமையல். நல்ல உலோகம் தீர்ந்துபோன நாட்டில் செய்த எஞ்சின், இருபத்தைந்து மணி நேரம் ஓடினாலே பெரிய விஷயம். விசைப்பிடியை மெல்ல, மிக மெல்லத்தான் தள்ள வேண்டும். பதறிப்போய்த் தள்ளினால் எஞ்சின் தீப்பிடிக்கும், இல்லையென்றால் அணைந்துவிடும். பதறாமல் இருக்கத் தெரிந்தவனுக்குத்தான் அந்த விமானம் என்று விக்னா அண்ணன் சொல்லும்போது அவருடைய கால் மேசையை உதைத்துக்கொண்டிருந்தது.

மேலே போனால் நூற்றுக்கணக்கில் குண்டு விமானங்கள் வரிசை கட்டி வரும். இவன் போகிற வேகத்தில் அவை அப்படியே நிற்கிற மாதிரி தெரியுமாம். குறிபார்க்க ஒரு நொடி, இரண்டு நொடி, அதற்குள் கடந்துவிடுவான். அதனால் பின்னால் போய்க் கீழே பாய்ந்து, மறுபடி மேலேறி, அந்த ஏற்றத்தில் வேகத்தைக் கொன்று பிறகு சுடுவார்களாம். கீழே இருந்த ஊர்களில் ஜனங்கள் நிலவறையில் காதைப் பொத்திக்கொண்டு இருப்பார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் வேறாகிவிடும்.

ஒரு வாரம், அந்த விமானங்களைச் செய்தது யார் என்று சொன்னார். சிறைமுகாம் கைதிகள், மலைக்குக் கீழே சுரங்கத்தில், பட்டினியில் செத்துச் செத்துச் செய்தது. நேயர் ஒருவர் அழைத்து, "நல்லாப் போய்க்கொண்டிருந்த கதையிலை அதை ஏன் கொண்டுவந்தனீர்" என்று கடிந்துகொண்டார். "அதுவும் அந்த பிளேனுக்குள்ளைதான் இருக்கு அங்கிள், கழட்டி வைக்கேலாது" என்று இவர் பதில் சொன்னார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் மரியாதை வந்தது. அந்த வாரம் காலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டேன்.

ஆனாலும் ஜனங்களுக்கு லோதர் செல்லப்பிள்ளையாகிவிட்டான். அவன் சாப்பிட்டானா என்று கேட்டு அழைப்பு வரும். அவனுடைய அம்மா தனியாக இருக்கிறாளே, யார் பார்ப்பது என்று கேட்டு வரும். தோற்றுவிட்டோம் என்று தெரிந்த பிறகும் ஏன் அந்தப் பையன்கள் தினமும் காலையில் ஏறிப்போனார்கள் என்று ஒரு பெரியவர் கேட்டார். விக்னா அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. வானொலியில் மௌனம் கூடாது. நான் பதறி ஒரு பாட்டைப் போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் என் கார் பழுதாகி, ஒரு சனிக்கிழமை பகலில் அவர் வேனில் ஏறிக்கொண்டேன். மனிதரின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அக்கா என்ன கேட்டவ தெரியுமே?" என்றார். "லோதருக்கு என்ன நட்சத்திரம் எண்டு கேட்டவ."

"எதுக்கு?"

"அர்ச்சனைக்கு. வெள்ளிக்கிழமையிலை கோயிலுக்குப் போய் அவனுக்கும் ஒரு அர்ச்சனை. எனக்குத் தெரியாது எண்டு சொன்னன். அப்ப சாமி பேருக்கே செய்விக்கிறன், பிள்ளை சுகமா இறங்கட்டும் எண்டு போட்டா."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஹிட்லரின் விமானப்படைக்காரனுக்குச் சிட்னி முருகன் முன்னால் தேங்காய் உடைகிறது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. வேனை ஒரு பூங்கா ஓரமாக நிறுத்தினார். நிறுத்தியும் கை ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"என்ரை திட்டம் எல்லாம் பிழைச்சுப்போச்சு, நரசிம்மன்."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அக்காவுக்கு ஒரே மகன், கபிலன். 2009இல், எல்லாம் முடிந்துவிட்டது என்று ஊருக்கே தெரிந்த மாதத்தில், வன்னியில் போராடப் போனவன். திரும்பவில்லை. யாரும் கண்டதாகவும் சொல்லவில்லை. பதினாறு வருடமாக அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் உயிரோடு இருக்கிற மகனுக்குச் செய்கிற மாதிரி அவன் பெயருக்கு அர்ச்சனை செய்கிறார். வரவேற்பறையில் அவன் படம் இருக்கிறது. மாலை இல்லை, பொட்டு இல்லை. நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் எங்கேயோ படிக்கிற பையன் என்று நினைத்திருந்தேன்.

"இப்ப, தை பிறந்தவுடனை ஊருக்குப் போறன் எண்டு நிக்கிறா. அங்கை காணாமல் போன பிள்ளையளின்ரை தாய்மார் ரோட்டோரத்திலை பந்தல் போட்டு இருக்கினமெல்லோ, அவையோடை போய் இருக்கப்போறாவாம். பிள்ளையைத் தரட்டும், அதுவரைக்கும் எழும்பமாட்டனாம். டொக்டர் பிளேன் ஏறவே கூடாது எண்டு சொல்லிப்போட்டார். ஏறினால் போய் இறங்கமாட்டா."

"அப்போ நேராச் சொல்லிடுங்களேன், அண்ணே. பையன் இல்லைன்னு."

"எப்பிடிச் சொல்லுறது?" என்று என்மேல் பாய்ந்தார். "நீர் சொல்லும் பாப்பம். பதினாறு வருசமா ஒருத்தரும் சொல்லேல்லை. நான் வாயைத் திறந்தால் அவ 'வந்தாலும் வருவான், ஆர் கண்டது' எண்டுவா. நான் எழும்பிப் போய் ஏதாவது ஃபிரிட்ஜைத் திருத்துவன்."

ஆக லோதர் அதற்காகப் பிறந்தவன். பல விமானிகளின் கதையைச் சேர்த்து அவரே கட்டிய பையன். பெயர்கூட அவர் வைத்ததுதான். கடைசி வாரம் அவன் சாவான். தாய்க்கு ஒருவர் போய்ச் சொல்வார். தாய் அழுவாள், பிறகு எழுந்திருப்பாள். அக்கா குசினியில் தனியாக இருந்து அதைக் கேட்பார், தன்பாட்டில் விளங்கிக்கொள்வார். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை மைக்குக்குள் சொல்லிவிடலாம் என்பது திட்டம். நடந்தது என்னவென்றால், அக்காவுக்கு இப்போது காத்திருக்க ஒன்றுக்கு இரண்டு பிள்ளைகள்.

"அப்போ லோதரைப் பொழைக்க விட்டுடுங்க. தப்பிச்சவங்களும் இருந்தாங்கதானே?"

"இருந்தவை. லோதர் தப்பினால் கபிலனும் தப்பினவன் எண்டு நினைச்சு அடுத்த நாளே பிளேனுக்கு ரிக்கற் போடச் சொல்லுவா." அந்த நேரம் தலைக்கு மேலே ஒரு விமானம் போனது. பேச்சை நிறுத்தி, அது மறையும்வரை கழுத்தை வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார். "செத்தால், இந்தப் பிள்ளையாலை அவவின்ரை நெஞ்சு நிண்டுபோடுமோ எண்டு பயமாக் கிடக்கு."

இந்த மனிதருக்கு ஏதாவது நல்லது நடக்கட்டும் என்று நினைத்தேன், அதே சமயம் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் என்றும் தோன்றியது. மூன்று வாரம் இழுத்தார். லோதர் ஏறினான், இறங்கினான், ஏறினான், இறங்கினான். நேயர்களுக்கே அலுத்துவிட்டது. "இண்டைக்குச் சொல்லிப்போடுவன்" என்று ஒவ்வொரு வாரமும் வருவார். மைக்குக்கு முன்னால் வேறு ஏதோ மேகம், மழை என்று வளர்த்துவிட்டுப் போவார். நான்காவது வாரம் நான் பொறுமையிழந்தேன்.

"அண்ணே, அக்காவுக்குத் தை வரைக்கும்தான் டயம். நீங்க மேகத்தைப் பத்தியே பேசிட்டிருங்க."

முறைத்தார். பிறகு மைக்கை இழுத்து வைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் கால் ஆடவில்லை. அவர் உடம்பு முழுக்க அசையாமல் இருந்ததை நான் முதன்முறையாகப் பார்த்தேன், எனக்கு அது பிடிக்கவில்லை.

"வேகமாப் பறக்கேக்கை லோதரைப் பிடிக்க ஆருமில்லை" என்று ஆரம்பித்தார். "இறங்கேக்கைதான் பிடிக்கலாம். எண்ணெய் முடிஞ்சுபோச்சு. சக்கரத்தைக் கீழை விட்டுட்டான். வேகத்தைக் குறைச்சிட்டான். இனி விசையைக் கூட்டினாலும் அந்த எஞ்சின் உடனை கேக்காது. அது தெரிஞ்ச எதிரி விமானங்கள் அவன்ரை ஓடுபாதைக்கு மேலை, முகிலுக்குள்ளை காத்துக்கொண்டு நிண்டவை. வீடு தெரியுது. மரம் தெரியுது. நிலத்துக்கு ஒரு பனை உயரம்தான். அதிலை வைச்சுச் சுட்டவை."

நான் மேசைக்கு இந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"லோதர் செத்துப்போனான். காணாமல் போகேல்லை. செத்துப்போனான். தாய்க்குச் சொல்ல ஒருத்தருக்கும் துணிவில்லை. கடைசியிலை ஒருத்தர் போய்ச் சொன்னவர். சொல்லாமல் விட்டிருந்தால் அந்த மனுசி சாகுமட்டும் வாசலைப் பாத்துக்கொண்டு இருந்திருப்பா."

தொலைபேசி விளக்குகள் எல்லாம் எரிந்தன. ஒரு பெண்மணி அழுதார். ஒரு பெரியவர், இப்படிச் சாகடிக்கத்தானா இவ்வளவு நாளும் வளர்த்தீர் என்று திட்டினார். கிரவீனிலிருந்து அழைப்பு வரவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் அவர் வண்டி ஓட்டுகிற நிலையில் இல்லை; நான்தான் என் காரில் கூட்டிப்போனேன். வழி நெடுக "ஆம்புலன்ஸ் நிக்குதோ, வாசலிலை ஆம்புலன்ஸ் நிக்குதோ" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

ஆம்புலன்ஸ் இல்லை. இராஜேஸ்வரி அக்கா கதவைத் திறந்தார். தலை ஈரமாக இருந்தது.

"என்ன அக்கா இந்தக் குளிருக்குள்ளை முழுகியிருக்கிறியள்?"

"சாவு கேட்டால் முழுகத்தானே வேணும்" என்றார். "அந்தப் பிள்ளைக்கு இங்கை வேறை ஆர் இருக்கினம்? வாற ஞாயிறு எட்டாம் நாள். எட்டுச் செலவு செய்வம். தம்பி, ஜெர்மன்காரர் என்ன சாப்பிடுறவை?"

கடைசிக் கேள்வி என்னைப் பார்த்து. உருளைக்கிழங்கு என்று ஏதோ உளறினேன். விக்னா அண்ணன் வாசலிலேயே நின்றார். திட்டம் பலித்ததா இல்லையா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து, அவர் படத்துக்கு முன்னால் படைக்கிற சடங்கு அது என்று திரும்பி வரும்போது நானாகவே புரிந்துகொண்டேன். கட்டுக்கதைப் பையனுக்குப் படையல் போடுகிற வீட்டை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் போனேன். லக்ஷ்மிப்ரியா, "ஜெர்மன்காரனா இருந்தா என்ன, பாவம், பையன்தானே" என்று உருளைக்கிழங்கு பொடிமாஸ் செய்து கொடுத்தனுப்பியிருந்தாள். விக்னா அண்ணன் வெள்ளை வேட்டி கட்டி, வீட்டுக்குள்ளேயே அறைக்கு அறை நடந்துகொண்டிருந்தார். கூடத்தில் ஒரு நாற்காலி, அதன்மேல் வெள்ளைத் துணி, இணையத்திலிருந்து எடுத்த யாரோ ஒரு பழைய விமானியின் படம். முன்னால் வாழையிலை.

குசினியிலிருந்து அக்கா ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். சோறு. உருளைக்கிழங்குப் பிரட்டல். என் வீட்டுப் பொடிமாஸ். கடைசியாக ஒரு சட்டியில் கணவாய் மீன் கறி. வீடு முழுக்க மணத்தது.

"ஜெர்மன்காரங்க கணவாய் சாப்பிடுவாங்களா, அக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"இது கபிலனுக்கு" என்றார்.

சட்டியை இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருந்த மகனின் படத்தை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, நாற்காலியில் விமானியின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். தட்டில் கட்டிவைத்திருந்த மாலை இரண்டு என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

"நீ ஆருக்குச் சொன்னனீ எண்டு எனக்கு விளங்கினது, தம்பி" என்று விக்னா அண்ணனிடம் சொன்னார். "லோதரின்ரை தாய்க்கு ஒருத்தர் போய்ச் சொன்னவர். எனக்கு ஆரும் சொல்லேல்லை. என்னைக் கண்டால் எல்லாரும் வேறை கதை கதைக்கினம். செத்தவீட்டிலைகூட என்னைக் கண்டால் வாயை மூடுகினம். நீயாவது சொன்னாய். அந்த மாலையை எடு."

அவர் மாலையை எடுத்தார். கொடுக்கவில்லை.

"எடு எண்டனெல்லோ. தா."

"அக்கா, நான் லோதரைப் பற்றித்தான் சொன்னனான்."

"ஓம். சொன்னது போதும். தா."

"வேண்டாம் அக்கா." மாலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "அவன் வந்தாலும் வருவான். ஆர் கண்டது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவர் வேனுக்குள் இருந்து எனக்குச் சொல்லிக் காட்டிய அக்காவின் வார்த்தை, எழுத்துப் பிசகாமல். அக்கா ஒரு அடி முன்னால் வந்தார். இவர் ஒரு அடி பின்னால் போனார். பிறகு மாலையோடு வெளியே நடந்தார். வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, சொல்லி முடியாது. இத்தனை மாதம் என் உயிரை எடுத்து, ஒரு ஊரையே அழவைத்து, தாய் துணிந்து மாலையைக் கேட்கும்போது ஓடுகிறார். "என்னக்கா இது, சின்னப்பிள்ளை மாதிரி" என்று வெடித்தேன்.

"பேசாதையுங்கோ, தம்பி" என்றார் அக்கா. நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் மெல்ல உட்கார்ந்தார். "யாழ்ப்பாணத்திலை பொம்மர் வரேக்கை பிள்ளைக்கு ரெண்டு வயசு. இவன் விக்னா என்னட்டைத் தரமாட்டான். தன்ரை நெஞ்சோடை பொத்திக்கொண்டு பங்கருக்குள்ளை குப்புறக் கிடப்பான், குண்டு விழுந்தால் தன்ரை முதுகிலை விழட்டும் எண்டு. பிறகு இங்கை வந்திட்டான். கடைசியிலை பிள்ளைக்குப் பக்கத்திலை இவன் இல்லை. இவனுக்கு அதுதான் மனசிலை கிடக்கு." இலையின் நுனியை நேராக்கினார். "நான் எப்பவோ விளங்கிக்கொண்டிட்டன். இவன் தாங்கமாட்டான் எண்டுதான் பிள்ளை வருவான், வருவான் எண்டு சொல்லிக்கொண்டிருந்தனான். பிறகு சொல்லிச் சொல்லி எனக்கே அது பழகிப்போச்சு. ஊருக்குப் போறன் எண்டதும் அதாலைதான். அங்கையெண்டால் ஆரோடையாவது இருந்து அழலாமெல்லோ."

நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது. அவரைத் தனியே விட மனமில்லாமல் பக்கத்து வீட்டு யாமினியைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு நிலையத்துக்கு ஓடினேன். விக்னா அண்ணன் அங்கேயும் இல்லை. கைப்பேசியை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் நானே மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, என் இந்தியத் தமிழில் வணக்கம் சொல்லி, பாட்டுகளைப் போட்டுச் சமாளித்தேன்.

நிகழ்ச்சியின் நடுவில் மரண அறிவித்தல் வாசிப்பது வழக்கம். அன்று இருந்த ஒன்றை வாசித்து முடித்தபோது தொலைபேசி விளக்கு எரிந்தது. யாராவது என் உச்சரிப்பைத் திட்டப்போகிறார்கள் என்று நினைத்து இணைப்பைக் கொடுத்தேன்.

"தம்பி, இது இராஜேஸ்வரி கதைக்கிறன். ஒரு மரண அறிவித்தல் இருக்கு. நானே சொல்லட்டே?"

நேரலையில் இருக்கிறார். சொல்லுங்கள் என்றேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, நினைவில்லை. இலங்கைத் தமிழர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான அந்த நடையில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், கிளிநொச்சியை வசிப்பிடமாகவும் கொண்ட செல்வன் சிறிதரன் கபிலன்..." மூச்சு வாங்கினார். "நாள் தெரியாது, தம்பி. 2009 வைகாசி எண்டு வையுங்கோ. வைகாசியிலை இறந்துபோனார். அன்னார் காலஞ்சென்ற சிறிதரன், இராஜேஸ்வரி தம்பதிகளின் ஒரே மகனும், விக்னராஜாவின் பாசமிகு மருமகனும் ஆவார். எட்டுச் செலவு இண்டைக்கு, கிரவீனில் எங்கடை வீட்டிலை நடக்குது. உற்றார், உறவினர், சிநேகிதர் எல்லாரும் வாங்கோ."

நிறுத்திவிட்டார் என்று நினைத்து, பொத்தானுக்குக் கை கொண்டுபோனேன்.

"விக்னா, வேனுக்குள்ளை இருந்து கேட்டுக்கொண்டிருப்பாய் எண்டு எனக்குத் தெரியும். வீட்டை வா. மாமன் வந்துதான் படைக்கவேணும். சோறு ஆறுது."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. பாட்டுப் போட வேண்டும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அன்றைக்கு எங்கள் நிகழ்ச்சியில் ஏன் அவ்வளவு நேரம் ஒன்றுமே கேட்கவில்லை என்று நிலையத்தில் பிறகு விளக்கம் கேட்டார்கள்.

நிகழ்ச்சி முடிந்து கிரவீனுக்குப் போனால் அந்தத் தெருவில் கார் நிறுத்த இடமில்லை. முணுமுணுத்துக்கொண்டே இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்தேன். வாசல் முழுக்கச் செருப்பு. உள்ளேயிருந்து பெண்களின் அழுகை; அக்காவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது, பதினாறு வருட அழுகை. படியில் வேட்டி கசங்கி விக்னா அண்ணன் நின்று, வருகிற ஒவ்வொருவரின் கையையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததா என்றுகூடத் தெரியவில்லை. என் கையையும் அப்படியே பிடித்தார்.

"என்ரை மருமகன்" என்றார். "செத்துப்போனான்."